முப்பத்தேழாம் இழை

இன்று காலை ஆய்வகத்தில் டெமெட் பாட்டில் ஒன்றைத் திறந்தேன். ஜெல் உறைவதற்காகக் கடைசியில் சில துளி விடுவோமே, அந்தத் திரவம். மூடியைத் திருகியதும் அழுகிய மீன் நாற்றம் அறை முழுக்கப் பரவியது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். எனக்கு உன் குரல் கேட்டது. "உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குள்ள பூந்தாப்பல இருக்குதுடி" என்பாய். ஒவ்வொரு முறையும் அதையே சொல்வாய், ஒவ்வொரு முறையும் நான் சிரிப்பேன்.

இன்று சிரிக்கவில்லை. நீ இறந்து ஒரு மாதமாகிறது. செய்தி வந்தபோது நான் அழவும் இல்லை. எனக்கு வந்தது கோபம். இன்னும் கொஞ்ச காலம் நீ இருந்திருக்க வேண்டும். நான் மேலே வருவதை நீ பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். நாற்பத்தொரு வயதில் கணையத்தில் கட்டி வந்து, நான்கே மாதத்தில் கிளம்பிப் போவது, என்னிடமிருந்து நீ தப்பித்துப் போன மாதிரி இருந்தது.

இதையெல்லாம் வேறு யாரிடமும் சொல்ல முடியாது. நம் இருவருக்கும் மட்டுமே தெரிந்த விஷயங்கள் நிறைய இருக்கின்றன. அதில் பாதியை நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய். மீதியை எழுதி வைக்கிறேன்.

நான் புனே பக்கத்துத் தேஹு ரோடிலிருந்து காலை லோக்கல் ரயில் பிடித்து, சிவாஜிநகரில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் ஆய்வகத்துக்கு வந்துகொண்டிருந்த காலம். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, வருஷா வருஷம் புதுப்பிக்கும் கான்ட்ராக்டில் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட். நீ கோயம்புத்தூரிலிருந்து பி.எச்.டி.க்கு வந்தவள். முதல் நாளே, சத்தம் போட்டுக்கொண்டிருந்த சென்ட்ரிபியூஜ் மெஷினை நான் தமிழில் திட்டுவதைக் கேட்டுத் திரும்பினாய்.

"தமிழுங்களா நீங்க?"

"ஆமா. நீங்க இன்னா ஊரு?"

என் 'இன்னா'வைக் கேட்டு நீ சிரித்த சிரிப்பில் மராட்டிக்காரர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். என் அப்பா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ராணுவத் தளவாட டிப்போவுக்குக் கிளார்க்காக வந்தவர். வீட்டில் பேசிய ஆற்காட்டுத் தமிழ், தெருவில் பேசிய இந்தி, பள்ளியில் பேசிய மராட்டி, மூன்றும் கலந்த பேச்சு என்னுடையது. எழுத்துத் தமிழ், அப்பா வாரம் தவறாமல் வாங்கிவந்த பத்திரிகைகளை எழுத்துக் கூட்டிப் படித்து வந்தது. ஒரு வாரத்துக்குள் நாம் 'வாடி போடி'க்கு வந்துவிட்டோம்.

ஆய்வக நோட்டில் எண்களை ஆங்கிலத்திலும், பக்க ஓரத்தில் என் கவனிப்புகளைத் தமிழிலும் எழுத ஆரம்பித்தேன். உனக்காகத்தான் ஆரம்பித்தேன். சனிக்கிழமைதோறும் நீ என் நோட்டை எடுத்து, பென்சிலால் ஒற்றுப் பிழைகளைத் திருத்துவாய். "இந்தச் சுற்று நன்றாக வந்துள்ளது" என்று நான் எழுதிய இடத்தில், "அப்படியா, ஜெல்லைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே" என்று நீ பொடி எழுத்தில் எழுதியது இன்னும் இருக்கிறது. நம் துறைத் தலைவரை எல்லோரும் 'ஸர்' என்றுதான் சொல்வோம். அவர் எண்களை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார். தமிழ் வரிகள் அவருக்குக் கோலம் மாதிரி.

நாம் என்ன வேலை செய்கிறோம் என்று என் அம்மாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ விளக்கியது நினைவிருக்கிறது. எங்கள் குவார்ட்டர்ஸ் சமையலறையில், கையில் தட்டோடு நின்றுகொண்டு சொன்னாய்.

"ஒரு துளித் தண்ணியில கோடி கோடி நூலு இருக்குதுன்னு வெச்சுக்கங்கம்மா. எல்லாம் டி.என்.ஏ. நூலு. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. பாம்பு விஷத்த ஒரு சவ்வுல ஒட்டி வெச்சு, இந்தத் தண்ணிய அதுமேல ஊத்துவோம். முக்காவாசி நூலு ஓடிப் போயிரும். ஏதோ சிலது மட்டும் விஷத்தப் புடிச்சுட்டு நிக்கும். அதை மட்டும் எடுத்து நகல் எடுப்போம். நகல் எடுக்கறப்ப அங்கங்க பிழை வரும், அதுல புதுசு புதுசா நூலு வரும். மறுபடி ஊத்துவோம், மறுபடி அலசுவோம். ஒவ்வொரு சுத்துலயும் அலசறதக் கடுமையாக்கிட்டே போவோம். கடைசியில நிக்கறது கெட்டியாப் புடிக்கற நூலு."

அம்மா கேட்டாள்: "விஷத்தத்தான் புடிக்கணும்னு அந்த நூலுக்கு எப்டிம்மா தெரியும்?"

"அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்கம்மா. நாம எதை வெச்சுத் தேர்ந்தெடுக்கறமோ அது நிக்கும். அவ்வளவுதான்."

பாம்பு விஷம் எதற்கு என்பதற்கும் ஒரு காரணம் இருந்தது. கரும்பு வெட்டும் பருவத்தில் ஸர் நம் இருவரையும் ஒரு தாலுகா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே கரும்புக்காட்டிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்திருந்தார்கள். கணுக்காலில் இரண்டு பல் தடம். டாக்டர் அவளுடைய ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து மேஜைமேல் நிறுத்திவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிஷத்தில் ரத்தம் உறைந்தால் விரியன் விஷம் ஏறவில்லை, உறையாவிட்டால் ஏறிவிட்டது என்று அர்த்தம். விஷமுறிவு மருந்தை முன்கூட்டியே போடக் கூடாதா என்று நீ கேட்டாய். அந்த மருந்தே சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் மூச்சை அடைத்துவிடும், தேவையில்லாதவருக்குப் போட்டுக் கொன்றுவிடக் கூடாது என்றார் டாக்டர்.

"கித்தி வேள்?" என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய். உனக்கு மராட்டி வராது. அன்று ரத்தம் உறைந்தது. அவள் எழுந்து டீ கேட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் நீ சொன்னாய்: "இந்த இருவது நிமிஷத்த அஞ்சு நிமிஷமாக்கணும்டி. ஒரு துளி ரத்தம், ஒரு காகிதப் பட்டை, ஒரு கோடு. அவ்வளவுதான் வேணும்."

அன்று நீ இருந்த விதத்தை நான் மறுக்கவில்லை. அதனால்தான் பின்னால் வந்ததைப் பொறுக்க முடியவில்லை.

சுற்றுகளை நான் செய்தேன். எல்லாவற்றையும். கழுவுவது, வெப்பத்தைக் கூட்டுவது, நகலெடுப்பது, ஜெல் ஊற்றுவது, அதில் பிரிந்து நிற்கும் இழைகளை வெட்டியெடுப்பது. நீ மற்ற வேலைகளில் இருந்தாய். ஸரோடு உட்கார்ந்து திட்டம் போட்டாய், ஸ்லைடு செய்தாய், வெளியாட்களிடம் பேசினாய். உன் ஆங்கிலம் நன்றாக இருக்கும். என் கை நன்றாக இருக்கும். பொருத்தமான ஜோடி என்று ஸர் சொல்வார்.

நான்காம் சுற்றின்போது நீ என் மேஜைக்கு வந்தாய். விலைக்கு வாங்கிய விஷப்புரதம் கெடாமலிருக்க, குப்பியில் ஆல்புமின் என்ற இன்னொரு புரதமும் கலந்து வருகிறது. டி.என்.ஏ. இழைகள் விஷத்தை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டாய். நீயே வழியும் சொன்னாய்.

"வெறும் ஆல்புமின்ல ஒருக்கா ஊத்தி, அதுல ஒட்டறதயெல்லாம் கழிச்சுப்போட்டு மேல போலாம்டி."

"அப்புறம் கையில இன்னா மிச்சம் இருக்கும்? இப்பவே கம்மியாத்தான் இருக்கு. ஸர் வேற மாசக் கடைசிக்குள்ள எட்டாவது சுத்து கேக்கறாரு."

"ஒருக்காத்தானடி."

"வேணாம். நான் பாத்துக்கறேன், விடு."

நீ விட்டுவிட்டாய். இதை நான் எந்த நோட்டிலும் எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

பதினோராம் சுற்றுக்குப் பிறகு மிஞ்சிய இழைகளின் எழுத்து வரிசையைப் படித்து எண் போட்டபோது, முப்பத்தேழாம் எண் திரும்பத் திரும்ப வந்தது. அந்த இழையை ஏற்றிய காகிதப் பட்டையை விஷக் கரைசலில் நனைத்தால் சிவப்புக் கோடு, வெறும் உப்புத் தண்ணீரில் கோடே இல்லை. நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய். வெளியே போய் மிஸல் சாப்பிட்டோம். காரம் தாங்காமல் உன் கண்ணில் நீர் வழிந்தது.

அடுத்த வாரம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. நான் மூன்று மாதம் லீவு போட்டேன். நீ ஆஸ்பத்திரிக்கு வந்தாய், ஒருமுறை இல்லை, பலமுறை. உன் பி.ஜி. அறையில் இட்லி வேகவைத்து எடுத்துக்கொண்டு வந்தாய். அப்பாவுக்கு ஸ்பூனில் ஊட்டினாய். கிளம்பும்போது என் தோளைத் தொட்டுச் சொன்னாய்: "வேலையப் பத்தி யோசிக்காத. நான் பாத்துக்கறேன்."

நீ பார்த்துக்கொண்டாய். நான் திரும்பி வந்தபோது கட்டுரை அச்சாகியிருந்தது. காப்புரிமைக்கும் விண்ணப்பித்திருந்தீர்கள். இரண்டிலும் உன் பெயரும் ஸர் பெயரும். கட்டுரையின் கடைசி வரியில், பொடி எழுத்தில், தொழில்நுட்ப உதவிக்காகச் செல்வி கலாவணிக்கு நன்றி. என் பெயர் கலைவாணி.

நான் முதலில் ஸரிடம்தான் போனேன். அவர் கெட்டவர் இல்லை, கவனிக்காதவர். "நான் அவளிடம் கேட்டேனே" என்றார் இந்தியில். "இதில் யார் யார் வேலை செய்தது என்று கேட்டேன். நீ ஜெல் ஊற்றிக் கொடுத்தாய் என்று சொன்னாள்."

ஜெல் ஊற்றிக் கொடுத்தேன்.

உன்னைக் குளிரறையில் பிடித்தேன். நீ சாம்பிள்களை அடுக்கிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்துவிட்டது.

"ஜெல் ஊத்திக் குடுத்தேனாடி நானு?"

"மெதுவாப் பேசு."

"பதினோரு சுத்து. யாரு பண்ணது?"

நீ கையிலிருந்த சாம்பிளைத் தட்டில் வைத்தாய். பிறகு சொன்னாய்: "வெளிநாட்டு பெல்லோஷிப்புக்கு எழுதியிருக்கறேன்டி. ரெண்டு பேரு சமமாப் பண்ணுனதுன்னு இருந்தா எடுபடாது. முழுசா என்ற ஒருத்தி வேலைன்னு காட்டணும். உனக்கு இதுல பேரு இல்லாட்டி என்ன ஆயிரப்போகுது? நீ எப்படியும் இங்கதான இருக்கப்போற."

நீ எப்படியும் இங்கதான இருக்கப்போற. அதை நீ கோபத்தில் சொல்லவில்லை. பிரியமாகத்தான் சொன்னாய். அதுதான் என்னை முடித்தது. கத்தியிருந்தால் ஒருவேளை நானும் கத்திவிட்டு ஆறியிருப்பேன்.

அதன் பிறகு நான் உன்னிடம் வேலை விஷயம் மட்டும் பேசினேன். சனிக்கிழமைகளில் நீ என் நோட்டை எடுப்பதில்லை. எப்படி எடுப்பாய்? அதைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் பதினோரு சுற்றும் என் கையெழுத்தில் இருக்கும்.

அடுத்த கட்டத்துக்கான பட்டைகளைத் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. நிதி கொடுக்கும் குழு முன்னால் செய்துகாட்ட வேண்டும், அதற்கடுத்த வாரம், முதன்முறையாக ரத்தத்தில் சோதிக்க அந்தத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பட்டைகளைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, நான்காம் சுற்றில் நீ கேட்டது நினைவுக்கு வந்தது. விஷம் இல்லாமல், வெறும் ஆல்புமின் கரைசலில் ஒரு பட்டையை நனைத்தேன்.

சிவப்புக் கோடு வந்தது.

மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் வந்தது. முப்பத்தேழாம் இழை விஷத்தைப் பிடிக்கவே இல்லை, விஷக் குப்பியில் கலந்து வந்த ஆல்புமினைத்தான் பிடித்திருந்தது. உலகத்தில் எல்லா மனிதர் ரத்தத்திலும் ஆல்புமின் இருக்கிறது. இந்தப் பட்டை யார் ரத்தத்தைத் தொட்டாலும், விஷம் ஏறிவிட்டது என்று சொல்லும். பாம்பே கடிக்காதவரையும் கடித்ததாகச் சொல்லும்.

முதலில் எனக்கு இது மட்டும்தான் தெரிந்தது: நான் செய்த தப்பு. நீ எச்சரித்தும் கேட்காமல் செய்தது. பிறகு மெல்ல மெல்ல வேறொன்று புரிந்தது. இது இப்போது என் தப்பு இல்லை. பதினோரு சுற்றையும் நீ உன்னுடையது என்று அச்சிட்டுவிட்டாய். என் வெற்றியை எடுத்தவள் அதற்குள் இருந்த என் தப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டாய். திருப்பித் தர வேண்டுமானால், திருடியதை ஒப்புக்கொண்டுதான் தர முடியும்.

அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பட்டைகளின் போட்டோவை நோட்டில் ஒட்டி, தேதி போட்டு, கீழே தமிழில் எழுதினேன்: "விஷம் இல்லாமலும் கோடு வருகிறது. மூன்று முறை பார்த்தேன்." இரண்டு நாள் கழித்து நீ என் மேஜை பக்கமாக நடந்துபோனவாறே, விஷமில்லாத ஒப்பீட்டுச் சோதனைகளைப் பற்றிக் கேட்டாய்.

"கன்ட்ரோல் எல்லாம் பாத்தியா?"

"பாத்தேன்."

"எழுதி வெச்சிட்டியா?"

"நோட்ல இருக்கு. பாத்துக்கோ."

"ம்" என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ பார்க்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மூன்று வாரம் அந்த நோட்டை என் மேஜைமேல், எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருந்தேன். தினமும் நீ அதைத் தாண்டிப் போனாய். நீ திறந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. திறந்துவிடுவாயோ என்ற பயம் மட்டும் தினமும் இருந்தது.

குழு வந்த நாளன்று நீ நீலப் புடவை கட்டியிருந்தாய். நன்றாகப் பேசினாய். விஷக் கரைசலில் ஒரு பட்டை, உப்புத் தண்ணீரில் ஒரு பட்டை. ஒன்றில் கோடு, இன்னொன்றில் இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். வெறும் ஆல்புமினில் நனைத்துக் காட்டு என்று யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. தாலுகா ஆஸ்பத்திரி டாக்டர் வந்திருந்தார், அதே டாக்டர். எப்போது கிடைக்கும் என்று கேட்டார். ஸர் திரும்பி, கடைசி வரிசையில் பட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். "இன்றே எடுத்துப்போகலாம்" என்றார்.

நான் எழுந்தேன்.

"ஸர், ஒரு நிமிஷம்."

முன்னால் போய் மேஜைமேல் ஒரு பட்டையைப் பிரித்து வைத்தேன். ஊசியால் என் விரல் நுனியைக் குத்தினேன். ஒரு துளி ரத்தத்தைப் பட்டையில் வைத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிஷம். நீ முதல் நிமிஷத்திலேயே புரிந்துகொண்டாய். உன் முகம் மாறுவதைப் பார்க்கத்தான் நான் அந்தப் பக்கமாக நின்றிருந்தேன்.

கோடு வந்தது. தெளிவான, சிவப்பான கோடு.

"முஜே தோ கிஸீ ஸாம்ப் நே நஹீ காட்டா, ஸர்" என்றேன். என்னை எந்தப் பாம்பும் கடிக்கவில்லை.

டாக்டர் எழுந்துவந்து தன் விரலை நீட்டினார். அவர் ரத்தத்திலும் கோடு வந்தது. ஸர் உன் பக்கம் திரும்பினார்.

"ஆல்புமினில் கழித்துப் பார்க்கவே இல்லையா? இந்தச் சுற்றுகளை யார் செய்தது?"

நீ என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு நொடி. அந்தப் பார்வையில் நான்காம் சுற்று இருந்தது, உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த அந்தப் பேச்சு முழுக்க இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு நீ ஸரைப் பார்த்துச் சொன்னாய்:

"மைனே ஸர்." நான்தான்.

நான் நோட்டைத் திறந்து பக்கத்தைக் காட்டினேன். மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. இதை ஏன் சொல்லவில்லை என்று ஸர் என்னிடம் கேட்டார். எழுதிவைத்திருப்பதாக உன்னிடம் சொன்னேன் என்றேன். அதற்கும் நீ தலையை ஆட்டினாய். "சொன்னாள்" என்றாய்.

எல்லோரும் போன பிறகு வராந்தாவில் நீ எனக்காக நின்றிருந்தாய்.

"மூணு வாரம் வெச்சிருந்தியாடி?"

"ஆமா."

"எங்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாமல்ல?"

"என் பேரு வராதுன்னு நீ எங்கிட்ட தனியா சொன்னியா?"

நாம் நேருக்கு நேர் பேசியது அதோடு முடிந்தது. கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். பெல்லோஷிப் போனது. பி.எச்.டி.யை முடிக்காமல் நீ ஊருக்குப் போனாய். கோயம்புத்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வேதியியல் லேப் எடுக்கிறாய் என்று யாரோ சொன்னார்கள். அன்று லோக்கலில் ஜன்னலோர இடம் கிடைத்திருந்தது. ஆகுர்டி ஸ்டேஷன் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

நான் முதல் சுற்றிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ஆல்புமினில் ஊற்றிக் கழித்தேன், நீ சொன்ன மாதிரியே. கையில் மிஞ்சியது ரொம்பக் கொஞ்சம்தான். சில மாதம் ஒன்றுமே வரவில்லை. ஸர் பொறுமையாக இருந்தார், குற்ற உணர்ச்சியாக இருக்கலாம். கடைசியில் ஒன்று நின்றது. விஷம் இருந்தால் மட்டும் கோடு. என் ரத்தத்தில் கோடு இல்லை, ஸர் ரத்தத்தில் இல்லை, ஆய்வகத்தில் ஒருவர் விடாமல் எல்லோர் ரத்தத்திலும் பார்த்தேன். அதை இப்போது ஆஸ்பத்திரிகளில் மெதுவாகச் சோதித்து வருகிறார்கள். கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது.

கடைசி வரியில் உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நான்தான் ஸரிடம் கேட்டேன். அவர் ஆச்சரியப்பட்டார், நல்ல மனசு என்றார். நீ எனக்கு எழுதிய அதே வார்த்தைகளை எழுதினேன்: தொழில்நுட்ப உதவிக்காக. ஒரு பிரதியை உன் கல்லூரி முகவரிக்கு ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். பத்து நாளில் ஒப்புகை அட்டை வந்தது. உன் கையெழுத்து. வேறு ஒன்றும் வரவில்லை. அந்த அட்டையை நான் ரொம்ப நாள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.

போன வாரம் உன் அண்ணன் போன் செய்தார். நீ புனேவில் இருந்தபோது ஒருமுறை உன்னைப் பார்க்க வந்து, எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்.

"கலைவாணிங்களா? உங்க நம்பர் தங்கச்சி போன்ல இருந்துச்சுங்க. ஒரு விஷயம் கேக்கோணும். அம்மா கேக்கச் சொன்னாங்க."

"சொல்லுங்க அண்ணா."

"அந்த ஆராய்ச்சியில தங்கச்சி ஏமாத்திட்டான்னு சொன்னாங்க. அவ வாயே தொறக்கலீங்க. கடைசி வரைக்கும் ஒண்ணுமே சொல்லல. பொய்யா எழுதுனாளா அவ? அம்மாவுக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதுமுங்க."

நான் பால்கனியில் நின்றிருந்தேன். உள்ளே அம்மா அப்பாவின் கையை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். என்ன சொல்வது என்று யோசித்துவைத்திருந்தவள் இல்லை நான். ஆனால் உன் அம்மா கேட்கிறார்கள் என்றதும், வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை.

"அவ பொய் எழுதல அண்ணா. அந்தத் தப்பு நான் பண்ணது. இப்டி ஆகும்னு அவ முன்னாடியே சொன்னா. நான்தான் கேக்கல."

"அப்பறம் ஏனுங்க அவ மேல வந்துச்சு?"

"வேலை பூரா அவளே பண்ணதா போட்டுகிட்டா. என் பேரு போடல. அதனால தப்பும் அவளோடதாப் போச்சு. எனக்குத் தெரியும். நான் சும்மா இருந்துட்டேன்."

"பேரு போடாததுக்காகவாங்க இவ்வளவும்?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "செரிங்க. அம்மாகிட்டச் சொல்லீர்றன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

உன் அம்மாவுக்கு இப்போது இரண்டும் தெரியும். நீ என் பெயரை எடுத்ததும், நான் உன்னைச் சாய்த்ததும். ஒன்றை மறைத்து இன்னொன்றைச் சொல்லவில்லை. உன்னை நான் மன்னிக்கவும் இல்லை. ஆஸ்பத்திரியில் என் அப்பாவுக்கு ஊட்டிவிட்ட கையால் நீ அந்தக் கட்டுரையை எழுதியதை நினைத்தால், இன்றைக்கும் எனக்குப் பற்றி எரிகிறது. நீ எதிரில் வந்து நின்றால் இன்னொரு முறையும் சண்டை போடுவேன்.

ஆனால் அந்த ஒரு நொடி என்னோடு இருக்கிறது. ஸர் கேட்டபோது நீ என்னைப் பார்த்தாயே, அது. 'அவள் எச்சரித்தாள் ஸர், நான்தான் கேட்கவில்லை' என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல அந்த நேரம் போதும். ஒரு மாதமாக அந்த அறைக்குள் போய்ப் போய் நின்று பார்க்கிறேன். மேஜைமேல் என் ரத்தம் பட்ட பட்டை, உன் நீலப் புடவை, ஸரின் கேள்வி. ஒவ்வொரு முறையும் நீ என்னைப் பார்க்கிறாய். ஒவ்வொரு முறையும் நான் பேசாமல்தான் இருக்கிறேன்.